மூச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை

ஓட்டலின் தரைக்குக் கீழே ஒரு தளம் உண்டு. மேலே வந்து தங்குகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர்கள் படுத்துக் கசக்கிய விரிப்பும் துடைத்து எறிந்த துண்டும் மாடியிலிருந்து தகரக் குழாய் வழியாகச் சறுக்கிக்கொண்டு அங்கேதான் வந்து விழும். விழுந்ததைத் துவைத்துப் பிழிந்து, தேய்த்து மடித்து, ஒன்றும் நடக்காதது மாதிரி மேலே அனுப்பப் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்தான் விறைப்பண்ணன்.

கழுத்தை வளைக்காத மனிதர் என்பதால் அந்தப் பட்டம். கர்வம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். கர்வமும் கொஞ்சம் உண்டுதான், மீதி, வலி. பத்தொன்பது வருஷம் ரோலருக்கு முன்னால் நின்ற கழுத்து. ரோலர் என்றால் ஆள் உயரத்தைவிட நீளமான இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, சுருக்கம் போக இழுத்து, ஒரே சமயத்தில் அதன் வாயில் கொடுக்க வேண்டும். ஒருவர் கை கொஞ்சம் பிந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். ரோலரில் சேர்ந்து நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் பொருத்தம் பல வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குக் கிடையாது.

ரோலரின் எதிர்முனையில் நிற்பவள் அக்கா. உறவு இல்லை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அக்காதான். அவருக்கு ஐந்து வயது மூத்தவள். ஓய்வுபெற இன்னும் இரண்டரை வருஷம். சிரிப்பதற்குக் காரணம் தேடாத பிறவி. பிழியும் இயந்திரம் தடதடவென்று ஆடினால்கூட, "கல்யாண வீட்டுக் கிழவன் மாதிரி ஆடுது பாரு" என்று சிரிப்பாள். விறைப்பண்ணன் சிரிக்காததற்கும் சேர்த்து அவளே சிரித்துவிடுவாள்.

அவருக்குப் படிப்பு ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அதற்குப் பிறகு ஒரு சலவைக் கடையில் கரி இஸ்திரிப் பெட்டி, பிறகு இந்த ஓட்டல். வெக்கையில் பிழைக்கிறவன் வெக்கையைத் திட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் வியர்ப்பது வேறு, மூச்சு முட்டுவது வேறு.

ரோலருக்கு மேலே, கூரையை ஒட்டி, காற்றை வெளியே தள்ளும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருந்தது. அதன் வாய் திறக்கிற இடம் நீச்சல் குளத்தின் ஓரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், குளத்தோரத்தில் சாய்ந்து படுத்திருந்த யாரோ ஒரு விருந்தினர், முகத்தில் சோப்பு வாடையோடு அனல் அடிக்கிறது என்று புகார் சொன்னார். அன்று சாயங்காலமே ஃபேனை நிறுத்தி, ஓட்டைக்கு ஒரு பலகையை வைத்து, எட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். காற்றைப் பின் சந்துப் பக்கம் திருப்பிவிட ஒரு வாரத்தில் தகரக் குழாய் போடுவதாகப் பேச்சு. பெரிய மனிதர்களுடைய வாரத்துக்கு எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு கோடை போய்விட்டது.

இரண்டாவது கோடையில் அக்கா விழுந்தாள். விரிப்பை நீட்டிக்கொண்டிருந்தவளுடைய பக்கம் திடீரென்று தொய்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். விறைப்பண்ணன் சிவப்புப் பொத்தானை அடித்து ரோலரை நிறுத்திவிட்டு ஓடினார். விழும்போது முன்கை உருளையில் பட்டு, முழங்கைவரை தோல் வழண்டிருந்தது. தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தவள் கேட்ட முதல் கேள்வி, விரிப்பு கருகிவிட்டதா என்பது. நான்கு நாள் கழித்துக் கட்டுப் போட்ட கையோடு மறுபடி வந்து நின்றாள். பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்கு அடுத்த மாதம்தான் நிர்வாகம் அவர்களுக்கு ஒரு நல்லது செய்ய முடிவெடுத்தது. குழாய் போடவில்லை. மகிழ்ச்சி வகுப்பு வைத்தது.

சாப்பாட்டுக்கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். மைக்கைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு பயிற்சி அம்மா வந்தார். நல்ல குரல், நல்ல புடவை, நல்ல பல். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். பணத்தால் மெத்தை வாங்கலாம், தூக்கத்தை வாங்க முடியாது. பொருளில் சந்தோஷம் இல்லை. வெளியே தேடாதீர்கள், அது உங்களுக்கு உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கிறது என்றார். விறைப்பண்ணனுக்கு உள்ளே ஊறிய ஒன்றே ஒன்று வியர்வை. அது சட்டை வரைக்கும் வந்திருந்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்தார்கள். கோபம் வரும்போது அதை அமுக்க வேண்டுமாம்.

சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும் விறைப்பண்ணன் எழுந்தார்.

"மேல தங்குறவங்களுக்கும் இந்த வகுப்பு உண்டாம்மா?"

எல்லோருக்குமே இது தேவைதான் என்று பயிற்சி அம்மா சிரித்தார்.

"அப்ப அந்தக் குளத்தோரத்துல படுத்திருக்கறவங்களையும் கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டு உள்ள தேடச் சொல்லுங்க. நாங்க அந்தப் பலகையக் கழட்டிக்கறோம்."

கூடம் சிரித்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பயிற்சி அம்மா மட்டும், இதைத்தான் எதிர்மறை எண்ணம் என்பது என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார். மேல் தளத்தில் சந்தோஷத்துக்கு அறைக்கு அறை வாடகை உண்டு. விலைப்பட்டியலே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதே சரக்கு படி இறங்கிக் கீழே வந்தால் மட்டும் விலைக்குக் கிடைக்காதாம், ஆளுக்குள்ளே தானாக முளைக்குமாம். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

வகுப்போடு விடவில்லை. மழைக்காலம் முடிந்ததும், வேலை முடிந்து வெளியேறும் கேட்டில் புத்தகம் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரையை நட்டுவைத்தார்கள். 'இன்று மகிழ்ச்சியாக இருந்தீர்களா?' என்று கேட்கும். கீழே மூன்று முகம். பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் முகம் முழிக்கும், சிவப்பு முகம் அழும். ஒன்றைத் தொட்டால்தான் கதவு திறக்கும். பச்சையைத் தொட்டால் நன்றி சொல்லி உடனே விடும். மற்ற இரண்டில் ஒன்றைத் தொட்டால், ஏன், எதனால், எவ்வளவு நாளாக என்று வரிசையாக ஏழு கேள்வி கேட்கும். கம்பெனி பஸ்ஸோ வேலை முடிந்த பத்தாவது நிமிஷம் கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும். காவலாளியே முதல் நாள், "பச்சையத் தட்டிட்டுப் போய்க்கிட்டே இருங்கப்பா, பஸ்ஸு நிக்காது" என்று வழி சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் தட்டினார்கள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் குடை என்று வரும் விறைப்பண்ணன் முழங்கையால் ஒரு இடி இடித்துவிட்டுப் போவார். அது கதவைத் திறக்கிற சங்கதி என்பதற்குமேல் அவர் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

மூன்று மாதம் போனது. அடுத்த கோடை தலைகாட்டியதும், ஒரு மனு எழுதிக்கொடுப்பது என்று முடிவு செய்தார். எழுதியது அவர் மனைவி. வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவள், பத்தாவது தேறியவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பலகையை எடுத்துக் குழாய் போட வேண்டும், ஏற்கெனவே ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார், அடுத்த தடவை கையோடு போகாது என்று நாலே வரி. பதினான்கு கையெழுத்து.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கோபிக்கவில்லை. கணினித் திரையை அவர் பக்கமாகத் திருப்பி, வண்ண வண்ணமாகச் சில கட்டங்களைக் காட்டினார்.

"இது சமையல்கட்டு. இது வரவேற்பு. இது உங்க டிபார்ட்மென்ட். மூணு மாசமா நூத்துக்கு தொண்ணூத்தெட்டு பச்சை. ஓட்டல்லயே ரொம்ப சந்தோஷமா இருக்கறது நீங்கதான். இத வெச்சுக்கிட்டு நான் எப்படி மேல போயி குழாய்க்குப் பணம் கேக்கறது, சொல்லுங்க?"

அந்தப் பச்சையில் தன் முழங்கை எத்தனை தடவை இருக்கிறது என்று விறைப்பண்ணன் நினைத்தார். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டு, அதற்கு அவர்கள் சொன்ன நன்றியையும் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் பஸ் ஏறியிருக்கிறார். நூற்றுக்கு இரண்டு பச்சை இல்லாமல் போனது எப்படி என்று பிறகு விசாரித்தார். பிழியும் இயந்திரக்காரர் தும்மும்போதெல்லாம் கை தவறிப் பட்டதாம்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னார். இன்றிலிருந்து எல்லோரும் சிவப்பு என்றார். தலையாட்டியவர்கள் சாயங்காலம் கேட்டுக்குப் போனதும் பஸ்ஸைப் பார்த்தார்கள், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போக வேண்டியதை நினைத்தார்கள், பச்சையைத் தட்டினார்கள். அவர் மட்டும் நின்று ஏழு கேள்விக்கும் பதில் தேடித் தேடித் தொட்டார். பின்னால் வரிசை நீண்டது. "அண்ணே, உங்க சோகத்த நாளைக்குச் சொல்லுங்க" என்று ஒருவன் கத்தினான்.

அவருக்கு எல்லோரையும்விட அக்கா மீதுதான் ஆத்திரம். தோல் வழண்டு நின்றவளே பச்சையைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனால் அவர் யாருக்காகக் கத்துவது? மறுநாள் ரோலரில் விரிப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டார். ஒரு பஸ்ஸுக்காகப் பொய் சொல்கிறாயே என்றார்.

அக்கா சிரிக்கவில்லை.

"எது பொய்டா தம்பி? நான் சந்தோஷமா இல்லன்னு எவன் சொன்னான்? மூச்சுதான் முட்டுது எனக்கு. மனசு நல்லாத்தான் இருக்கு. அந்த மிஷினு மூச்சப் பத்திக் கேக்கலயே."

அவர் கை பிந்தியது. விரிப்பு கோணிக்கொண்டது. அதை இழுத்துச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தவருக்குக் கொஞ்ச நேரம் நிமிரத் தோன்றவில்லை. அந்தப் பயிற்சி அம்மா சொன்னது அக்கா விஷயத்தில் உண்மை. அவளுக்கு உள்ளேயிருந்துதான் வருகிறது. புருஷன் போன பிறகும் வந்தது, கை வெந்த பிறகும் வந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் தன் வீட்டிலிருந்து, தன் நெஞ்சிலிருந்து கொண்டுவருகிற ஒன்றை இவர்கள் கேட்டிலேயே பிடுங்கிப் பச்சைக் கட்டமாக்கி, அதைக் காட்டியே அவளுக்குக் காற்று இல்லை என்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர்கள் சிரிக்கிற வீட்டில் பிடுங்குகிறார்கள்.

மறுபடி மேனேஜரிடம் போனார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"நாங்க சந்தோஷமாத்தான் இருக்கோம் சார். நூத்துக்கு நூறுன்னே எழுதிக்கோங்க. அது நாங்க வீட்டுலேருந்து கொண்டு வர்றது, அத உங்ககிட்ட கேக்கல. காத்துதான் கேக்கறோம். அத வீட்டுலேருந்து கொண்டு வர முடியாது."

மேனேஜர், நீங்கள் மூத்த ஆள், கழுத்து வலியும் இருக்கிறது, முதல் மாடியில் சீருடை கொடுக்கும் கவுன்டர் காலியாக இருக்கிறது, உட்கார்ந்த வேலை, ஏசி உண்டு, நாளைக்கே வந்துவிடுங்கள் என்றார். குழாய் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "உங்களுக்குக் குடுக்கறாங்களா, உங்க வாய்க்குக் குடுக்கறாங்களா?" அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் போனார். கழுத்து அப்படி வலித்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: முதல் மூன்று நாளும் அவர் சந்தோஷமாக இருந்தார். முதுகில் சட்டை ஒட்டவில்லை. வேர்க்குரு அடங்கியது. வீட்டுக்கு வந்து தட்டைக் காலி செய்தார். மனைவி சொன்ன பக்கத்து வீட்டுக் கதைக்குச் சிரித்துக்கூட வைத்தார். கண்ணை மூடி எதையும் தேடவில்லை, பந்தை அமுக்கவில்லை. ஒரு யந்திரம் குளிர்ந்த காற்றை ஊதியது, மனுஷன் சந்தோஷமாகிவிட்டான், அவ்வளவுதான். விலைக்குக் கிடைக்காது என்று சொன்னார்களே, அது சுவரில் மாட்டியிருந்தது.

நான்காம் நாள் மத்தியானம், தான் விட்டுவந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கீழே இறங்கினார். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. பத்தொன்பது வருஷம் உள்ளேயே நின்றவருக்கு, வெளியிலிருந்து வந்து பார்த்தபோதுதான் அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தது. இரண்டடி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. ரோலரில் அவர் இடத்தில் ஒரு புதுப்பெண்; கை பழகவில்லை; விரிப்பு கோணக் கோண அக்காதான் இரண்டு பக்கமும் ஓடி ஓடி இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னடா தம்பி, மேல போனதும் ரெண்டு சுத்து துவைச்ச மாதிரி வெளுத்துட்ட."

விறைப்பண்ணன் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். துணித் தள்ளுவண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, புதுப்பெண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மேலே ஏறினார். துருப்பிடித்த ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றையும் கழற்றும்போது ஒவ்வொரு ஆளைத் திட்டினார். எட்டுக்கும் ஆள் இருந்தது. பலகை பெயர்ந்து விழுந்ததும் ஃபேன் சுவிட்சைப் போட்டார். இரண்டு வருஷத் தூசியை இருமிக்கொண்டு அது சுற்ற ஆரம்பித்தது. கூரையில் தேங்கி நின்ற ஆவி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டைக்குள் போக, கதவு வழியாக வெளிக்காற்று உள்ளே ஓடி வந்தது. பதினான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டு, யாரோ பெரியவர் வந்ததுபோல நிமிர்ந்து நின்றார்கள்.

கால்மணி நேரத்தில் மேனேஜர் ஓடிவந்தார். குளத்தோரத்தில் ஆறு பேர் புகார் சொல்லிவிட்டார்களாம். இரண்டு வருஷம் பதினான்கு பேர் திணறியபோது நடந்தே வந்த கால் அது. பலகையை உடனே திருப்பி மாட்டு என்று கூட வந்த மராமத்து ஆளிடம் சொன்னார். மராமத்து ஆள் பலகையைத் தேடினார்.

பலகை கீழே தரையில் கிடந்தது. அதன்மேல் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருங்கம்மா" என்றார் மேனேஜர்.

"மன்னிக்கணும் சார். இன்னிக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு. எழுந்திருக்க மனசு வரல."

ஒருவரும் சிரிக்கவில்லை. புதுப்பெண் போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பிழியும் இயந்திரக்காரர். பலகை அவ்வளவு பெரியதில்லை. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மேலேயிருந்து குழாய் வழியாக அழுக்கு விரிப்புகள் தொப் தொப்பென்று விழுந்து குவிந்தன. இரண்டு மணிக்குப் புது விருந்தினர்கள் வருவார்கள். நாற்பது அறைக்கு விரிப்பு வேண்டும். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கடைசியில் குளத்தோர நாற்காலிகளை எதிர்க்கரைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, விறைப்பண்ணனைப் பார்த்து, நீங்கள் நாளையிலிருந்து வர வேண்டாம், விசாரணை இருக்கிறது என்றார்.

இரண்டு வருஷம் போட முடியாத குழாயைப் பத்தே நாளில் போட்டார்கள். வெள்ளைத் தகரக் குழாய், கூரையோரமாக வளைந்து பின் சந்துக்குப் போகிறது. பணியாளர் மகிழ்ச்சிக்காக நிர்வாகம் எடுத்த முயற்சி என்று அதன் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்களாம். அக்கா வீட்டுக்கு வந்து சொன்னாள். கேட்டதும் விறைப்பண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அக்காவோ, யாரு பேரப் போட்டா என்ன, காத்து வருதுல்ல என்றாள். அவளால் அப்படி இருக்க முடிகிறது. அவரால் முடியாது.

விசாரணைக்குப் போனார். ஆள் எடுக்கிற, நிறுத்துகிற அலுவலக அம்மா ஒரு தாளை நீட்டினார். நிர்வாகத்தின் சொத்தாகிய பலகையை அனுமதியின்றிக் கழற்றினேன் என்று எழுதியிருந்தது. சரி. அதற்குத் தண்டனையாகப் பத்து நாள் சம்பளப் பிடித்தம். அதுவும் சரி. கடைசி வரியை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'என் செயலுக்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' கையெழுத்துப் போட்டால் நாளைக்கே ரோலருக்குப் போகலாம்.

"பலகையக் கழட்டினது நான்தான், எழுதுங்க. கேக்காம கழட்டினேன், அதயும் எழுதுங்க. வருத்தம் மட்டும் உள்ள இல்லீங்க. தேடிப் பாத்துட்டேன்."

"ஒரு வரிதானே. எல்லாரும் போடறதுதான்."

"பச்சையும் ஒரு தட்டுதாம்மா. எல்லாரும் தட்டுறதுதான்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் இன்னொரு வாரம் வெளியே, அதற்கும் சம்பளம் இல்லை, அதற்கப்புறமும் இதே தாள்தான் என்றார். விறைப்பண்ணன் பேனாவால் கடைசி வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மிச்சத்துக்குக் கீழே தன் பெயரை ஆறாம் வகுப்பு எழுத்தில் எழுதினார். திருத்திய தாள் செல்லாது என்றார் அந்த அம்மா. அப்படியானால் செல்லாததாகவே இருக்கட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். இன்னும் ஒரு வாரமா என்றாள். அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பிறகு தைத்துக் குவிந்திருந்த திரைகளை அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப சும்மா உக்காராதீங்க. இதுக்கெல்லாம் வளையம் கோக்கணும்."

உட்கார்ந்து கோத்தார். விரலில் இரண்டு தடவை ஊசி ஏறியது. கோபம் போச்சா என்று நடுவில் அவள் கேட்டாள். இல்லை என்றார். போக வேண்டும் என்று அவர் முயற்சி செய்யவும் இல்லை.